ட்ரோன் காணொளியில் மரங்கள் அலையலையாக நெளிகின்றன: அதிர்வை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

கேள்வி: சந்தூர்_தோப்பு

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் அருகே எங்கள் குடும்பத்துக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பகுதி பெங்களூரா, ஓரங்களில் செந்தூராவும் பங்கனப்பள்ளியும் நிற்கின்றன. தை, மாசி மாதங்களில் எந்த மரம் நன்றாகப் பூத்திருக்கிறது, எது வெறும் தளிர் விட்டு நின்றுவிட்டது, எந்தப் பூங்கொத்தில் தத்துப்பூச்சியின் பிசுபிசுப்பு படிந்து கருக்கத் தொடங்கியிருக்கிறது என்பதையெல்லாம் மர உச்சியின் மேலிருந்து பார்த்தால்தான் எங்கே மருந்து தெளிப்பது, எங்கே தெளிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்ய முடியும். அதற்காகவே ஒரு ட்ரோன் செய்தேன்.

2022 பிப்ரவரியில் முழுதாகச் செய்து வரும் ட்ரோன்களின் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு தடை விதித்து, உதிரிபாகங்களுக்கு மட்டும் வழிவிட்ட பிறகு, என்னைப் போன்றவர்களுக்குத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்வதே எளிதாகிவிட்டது. 450 அளவு ஃபிரேம், 2212 வகை 920 கேவி மோட்டார்கள் (சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 920 சுற்று), 10 அங்குல ப்ரொப்பெல்லர்கள், 3 செல் பேட்டரி, பறப்பைக் கட்டுப்படுத்தும் பிக்ஸ்ஹாக் பலகையில் ஆர்டுபைலட் மென்பொருள். அடித்தட்டில் ஓர் ஆக்‌ஷன் கேமராவை இரட்டைப் பக்க நுரை டேப்பால் ஒட்டியிருக்கிறேன். கிம்பல் (கேமரா சாயாமல் மோட்டாரால் பிடித்துக்கொள்ளும் தாங்கி) இல்லை.

பறப்பதில் குறையில்லை; நிறுத்திய இடத்தில் நிற்கிறது. ஆனால் காணொளியில் மின்கம்பங்களும் தென்னை மரங்களும் பாம்பு நெளிவதைப் போல நெளிகின்றன. காட்சியை நிறுத்தி ஒரு படமாக எடுத்துப் பார்த்தால் பூங்கொத்துகளின் விளிம்பு வளைந்து, பூவா பழைய இலையா என்று பிரித்தறிய முடியவில்லை. ப்ரொப்பெல்லர்கள் நான்கையும் காந்த பேலன்சரில் வைத்துச் சமன் செய்துதான் மாட்டினேன். கிம்பல் வாங்குவதா, என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) போடுவதா, ரப்பர் டேம்பர் (அதிர்வைத் தடுக்கும் மெத்தை) வைப்பதா? எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பாலக்கோடு_படப்பிடிப்பு

நண்பருக்கு வணக்கம். நான் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வான்வழிப் படம் எடுப்பவன். நம் பகுதி வெயிலில், துளை f/2.8 என்று நிலையாக உள்ள சிறு கேமராவில், ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 100-இல் வைத்தாலும் ஷட்டர் 1/3200 நொடிக்கு அருகே போய்விடும். அவ்வளவு வேகமான ஷட்டர் ஒவ்வொரு நெளிவையும் கூர்மையாக உறையவைத்துக் காட்டும். என்டி64 ஃபில்டர் போட்டால் அதே வெளிச்சத்தில் ஷட்டர் 1/50 நொடிக்கு இறங்கிவிடும். நெளிவு பெருமளவு மறைந்து, அசைவும் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். செலவும் குறைவு. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

மறுமொழி: தருமபுரி_இயற்பியல்

மேலே நண்பர் சொன்ன கணக்கு சரியானது. திருமணப் படத்துக்கு அந்த வழியும் சரியானது. ஆனால் தோப்பைப் பார்க்க விரும்பும் தம்பிக்கு அது பொருந்தாது என்று கருதுகிறேன். ட்ரோன் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/50 நொடி ஷட்டர் திறந்திருக்கும்போது அது 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மாம்பூ ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். நெளிவு மறையும், பூவும் சேர்ந்து மறையும். 1/1000 நொடியில் எடுத்தால் நகர்வு 3 மில்லிமீட்டர்தான். ஆகவே உங்களுக்கு வேகமான ஷட்டர் வேண்டும். வேகமான ஷட்டர் அதிர்வை மறைக்காது என்பதால், அதிர்வையே இல்லாமல் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

நீங்கள் காண்பது ஜெல்லோ எனப்படும் குறை. இந்தக் கேமராக்களின் உணர்வி ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறது. அப்படிப் படித்து முடிப்பதற்குள் கேமரா பலமுறை இடமும் வலமும் அதிர்ந்துவிட்டால், ஒவ்வொரு வரியும் சற்றே வேறிடத்தில் பதிகிறது. நேரான கம்பம் அலையாகிறது. இதிலிருந்து நமக்கு ஓர் ஆதாயம் உண்டு. ஒரு படத்துக்குள் மேலிருந்து கீழாக எத்தனை முழு அலைகள் இருக்கின்றன என்று எண்ணினால், அதிர்வின் வேகத்தைக் கருவி எதுவும் இல்லாமலே கணக்கிட்டுவிடலாம்.

அதற்கு முதலில் உங்கள் கேமரா ஒரு படத்தைப் படிக்க எடுக்கும் நேரம் தெரிய வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலைகள்) என்பதால் சோக்கு வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. அதன் வெளிச்சம் மட்டும் விழும் வெள்ளைச் சுவரை, ட்ரோனில் பயன்படுத்தும் அதே தெளிவுத்திறனிலும் அதே ஃபிரேம் வேகத்திலும், ஷட்டரை 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்துப் படமெடுங்கள். படத்தில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறிப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டைச் சுற்று 10 மில்லிநொடி. இரண்டு சுற்றுகள் தெரிந்தால் படிக்கும் நேரம் 20 மில்லிநொடி. இதே அளவுகோலைக் கொண்டு காணொளியின் அலைகளை அளக்கலாம்: 20 மில்லிநொடிக்குள் இரண்டு அலைகள் என்றால் 100 ஹெர்ட்ஸ், நான்கு என்றால் 200 ஹெர்ட்ஸ்.

உங்களுடைய மோட்டாரும் 10 அங்குல ப்ரொப்பெல்லரும் ட்ரோனை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5500 முதல் 6000 சுற்று வரை சுழலும் என்று கொள்ளலாம். அதாவது 90 முதல் 100 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு ஓர் அதிர்வு என்று வந்தால் எங்கோ எடைச் சமமின்மை இருக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு என்று வந்தால், இரண்டு இறக்கைகளும் ஃபிரேம் கையைக் கடக்கும்போது கீழே தள்ளும் காற்றின் அடி அது. எவ்வளவு சமன் செய்தாலும் அது முழுதாகப் போகாது, டேம்பர்தான் தடுக்க வேண்டும். முன்னதையும் பின்னதையும் பிரித்தறியாமல் பொருள் வாங்கினால் பணம்தான் வீணாகும்.

இன்னும் ஒன்று. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, சுழலும் இறக்கைகளின் நிழல் லென்சில் விழுந்து கறுப்புக் கோடுகள் ஓடுவது உண்டு. அதில் பொருள்கள் வளையாது, மங்கல் மட்டுமே ஓடும். அதை ஜெல்லோ என்று எண்ணி மோட்டாரைக் கழற்ற வேண்டாம். லென்சுக்கு மேல் சிறு மறைப்பு வைத்தால் போதும்.

மறுமொழி: ஓசூர்_கடைசல்

ஓசூரில் சுழலும் பாகங்களைக் கடைந்து சமன் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஐயா சொன்னதற்கு மேல், எடைச் சமமின்மையைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் "பேலன்சரில் வைத்துச் சமன் செய்துவிட்டேன்" என்ற உங்கள் வரியில்தான் விடை ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சமமின்மையின் விசை, எடையையும் ஆரத்தையும் சுழல்வேகத்தின் இருமடியையும் பெருக்கி வருவது. மையத்திலிருந்து 8 சென்டிமீட்டர் தொலைவில் வெறும் 0.1 கிராம் கூடுதலாக இருந்தால், நிமிடத்துக்கு 6000 சுற்றில் அது சுமார் 3.2 நியூட்டன் விசையைத் தருகிறது. ஏறத்தாழ 320 கிராம் எடை, நொடிக்கு 100 முறை, அந்தக் கையை நாற்புறமும் இழுப்பதற்குச் சமம். சுற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். இதனால்தான் செல்லோடேப் துண்டு ஒன்று கூடப் படத்தில் தெரியும் மாற்றத்தை உண்டாக்குகிறது.

இப்போது பேலன்சருக்கு வருவோம். அதன் கூம்புகள் ப்ரொப்பெல்லரின் துளையை நடுவில் பிடித்துக்கொள்கின்றன; அந்த மையத்தைக் கொண்டு அது சமனாக நிற்கிறது. ஆனால் மோட்டாரில் மாட்டும்போது துளை பெரிதாகவும் ஷாஃப்ட் சிறிதாகவும் இருப்பதால் நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் போடுகிறோம். அந்த வளையம் தளர்வாக இருந்தால், நட்டை முறுக்கும்போது ப்ரொப்பெல்லர் ஒரு பக்கமாக நகர்ந்து அமர்ந்துவிடும். 10 கிராம் எடையுள்ள ப்ரொப்பெல்லர் அரை மில்லிமீட்டர் மையம் விலகி அமர்ந்தால், அதே 6000 சுற்றில் சுமார் 2 நியூட்டன் விசை கிடைக்கிறது. பேலன்சரில் குற்றமில்லை, இறக்கையிலும் குற்றமில்லை. அமரும் இடத்தில்தான் குற்றம். வளையத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சரியான அளவு வளையத்தை மாற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் எங்களைப் போன்ற கடைசல் பட்டறை எதிலும் டெல்ரின் எனும் கடின பிளாஸ்டிக் கம்பியில் கடைந்து தருவார்கள்.

பேலன்சரில் இறக்கையைக் கிடைமட்டமாக வைத்து மட்டும் பார்ப்பதும் போதாது. செங்குத்தாக நிறுத்தியும் பார்க்க வேண்டும். அப்போது ஒரு பக்கம் சாய்ந்தால் நடுக் குமிழில் எடை வேறுபாடு இருக்கிறது என்று பொருள். கனமான இறக்கையின் பின்புறத்தை நுண்ணிய உப்புத்தாளால் இழைக்கலாம், அல்லது இலேசான இறக்கையில் டேப் ஒட்டலாம். முனை சிதைந்த இறக்கையை மட்டும் இழைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

அடுத்து மோட்டார். ப்ரொப்பெல்லர்கள் நான்கையும் கழற்றிவிட்டு (இதைச் செய்யாமல் மேசைமேல் மோட்டாரை ஓட்டவே கூடாது), ஆர்டுபைலட்டை அமைக்கும் கணினி மென்பொருளான மிஷன் பிளானரில் உள்ள மோட்டார் சோதனையில் ஒவ்வொன்றாக ஓட்டி, அதன் கையில் விரலை வைத்துப் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் கரகரவென்று அதிர்ந்தால் பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ மோதி ஷாஃப்ட் வளைந்திருக்கும். இரண்டும் நன்றாக இருந்தும் அதிர்ந்தால், மோட்டாரின் சுழலும் கூட்டைச் சுற்றி ஒரு சிறு கேபிள் டையை இறுக்கிக் கட்டி வாலை நறுக்கிவிடுங்கள். அதன் முடிச்சு இருக்கும் பக்கம் சற்றே கனமாகும். முடிச்சைக் கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்தி ஓட்டிப் பார்த்தால், ஓரிடத்தில் அதிர்வு மிகக் குறையும்; எதிர்ப்பக்கம் கனமாக இருந்தது என்று அதற்குப் பொருள். பிறகு டையை எடுத்துவிட்டு அதே இடத்தில் டேப் துண்டு ஒட்டி, பசையால் உறுதிப்படுத்துங்கள். பெரிய எந்திரங்களில் நாங்கள் செய்வதும் முறையில் இதுவே.

கடைசியாக, எல்லாத் திருகுகளையும் பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் கையில் ஒரு திருகு தளர்ந்தாலும் கை தானே அதிரத் தொடங்கும். உலோகம் உலோகத்தில் ஏறும் இடங்களில் மட்டும் திருகு ஒட்டும் பசை போடலாம். பிளாஸ்டிக்கில் பட்டால் அது வெடிப்பை உண்டாக்கும்.

மறுமொழி: சந்தூர்_தோப்பு

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி டியூப்லைட் சோதனையைச் செய்தேன். சுவரில் இரண்டு பட்டைச் சுற்றுகள் தெரிந்தன. காணொளியில் கம்பத்தில் எண்ணியபோது இரண்டு பெரிய அலைகள், அவற்றின் மேல் நுண்ணிய அலைகளும் இருந்தன. ஓசூர் அண்ணன் ஐயப்பட்டதைப் போலவே, பின் இடது மோட்டாரின் வளையம் ஷாஃப்டில் நன்றாகவே ஆடியது. நான்கு வளையங்களையும் கடைந்து வாங்கி மாட்டிய பிறகு பெரிய அலைகள் போய்விட்டன. ஆர்டுபைலட் பதிவில் அதிர்வு அளவு முன்பு 40-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. இப்போது 15-க்குக் கீழே இருக்கிறது. நுண்ணிய அலைகள் மட்டும் மிச்சமிருக்கின்றன. ஒரு படத்தில் நான்கு எண்ண முடிகிறது. இதற்கு எப்படிப்பட்ட ரப்பர் வாங்க வேண்டும்? கடையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று பல வகை ரப்பர் உருண்டைகள் இருக்கின்றன.

மறுமொழி: தருமபுரி_இயற்பியல்

நல்ல செய்தி. ஆர்டுபைலட் பதிவில் அந்த அளவு 30-க்குக் கீழே இருந்தால் பறப்புக்குப் போதுமானது, 60-ஐத் தாண்டினால் ஆபத்து என்பது பொதுவான வழிகாட்டல். கிளிப்பிங் எண்ணிக்கையும் (அதிர்வு உணர்வியின் எல்லையைத் தாண்டிய தடவைகள்) பூச்சியமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது பிக்ஸ்ஹாக் பலகை உணரும் அதிர்வு. கேமரா உணர்வது வேறு. பலகைக்கு அடியில் நல்ல நுரை இருந்து கேமராவுக்கு அடியில் இல்லாவிட்டால் எண் அழகாக இருக்கும், படம் நெளியும்.

மிச்சமுள்ள நான்கு அலைகள் 200 ஹெர்ட்ஸ், அதாவது இறக்கை கடக்கும் காற்றின் அடி. இதற்கு டேம்பர்தான் மருந்து. நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்; கடைக்குக் கடை நிறமும் கடினமும் மாறுகின்றன. பார்க்க வேண்டியது ஒன்றே: கேமராவை ஏற்றியதும் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது? 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அந்தத் தொகுதியின் இயல்பு அதிர்வு (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) சுமார் 16 ஹெர்ட்ஸ். 0.1 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால் 50 ஹெர்ட்ஸ். மேலும் கடினமாக, 0.025 மில்லிமீட்டர்தான் என்றால் 100 ஹெர்ட்ஸ். அப்போது உங்கள் மோட்டாரின் சுற்றோடு ஒத்திசைந்து, ரப்பர் அதிர்வைத் தடுப்பதற்குப் பதிலாகப் பெருக்கும். "டேம்பர் வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது" என்று பலர் எழுதுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தடுப்பு என்பது, வரும் அதிர்வு இயல்பு அதிர்வைப் போல 1.4 மடங்குக்கு மேல் போன பிறகே தொடங்குகிறது. நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கேமராவுக்குப் போகும். ரப்பர் வேகமான அதிர்வுக்குச் சற்றுக் கூடுதலாக விறைக்கும் என்பதால், கணக்கைவிடக் கொஞ்சம் மென்மையானதையே எடுங்கள்.

உங்கள் ஆக்‌ஷன் கேமரா 150 கிராம்கூட இருக்காது. இவ்வளவு இலேசான பொருளுக்குக் கடைகளில் விற்கும் பெரும்பாலான உருண்டைகள் மிகக் கடினமானவை. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மருந்துக் கடையில் கிடைக்கும் காதடைப்பான் நுரைகளைத் துளைகளில் செருகிப் பயன்படுத்துவது. அவை மென்மையானவை, ஆட்டத்தையும் விரைவில் அடக்கும். மற்றொன்று, கேமராவும் பேட்டரியும் சேர்ந்து ஒரே தட்டில் அமர, அந்தத் தட்டை மட்டும் ரப்பரில் தொங்கவிடுவது. எடை கூடக் கூட அதே ரப்பர் அதிகம் அமுங்கும், இயல்பு அதிர்வும் தாழும்; அதற்கென ட்ரோனில் தனி எடைக்கல் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் பேட்டரியையே வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்பதால் எனக்கு இந்த இரண்டாவது வழியே பிடித்தது. தட்டிலிருந்து மேலே போகும் கம்பிகளை மட்டும் தளர்வாக வளைத்து விடுங்கள். விறைப்பான கம்பி ஒன்று ரப்பரைத் தாண்டிப் பாலம் போட்டுவிட்டால் செய்ததெல்லாம் வீண். தட்டு கழன்றாலும் விழாதபடி நைலான் கயிற்றால் தளர்வாக ஒரு பாதுகாப்புக் கட்டும் அவசியம்.

மறுமொழி: பாலக்கோடு_படப்பிடிப்பு

தோப்புக்கான தேவை வேறு என்று ஐயா விளக்கியதை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கேமராவுக்குள் இருக்கும் மின்னணு நிலைப்படுத்தலை, டேம்பர் சரியாகும் வரை அணைத்து வையுங்கள். அது கேமராவின் சொந்த ஜைரோவை (திரும்பலை அளக்கும் உணர்வியை) நம்பிப் படத்தை நகர்த்துகிறது. அந்த ஜைரோவே அதிர்ந்துகொண்டிருந்தால் திருத்தமும் தவறாகப் போகும். அதிர்வு அடங்கிய பிறகு ஆன் செய்தால், காற்றில் ட்ரோன் சாய்ந்து நிமிர்வதை நன்றாகவே சமன் செய்யும். ஜைரோ தரவைச் சேமிக்கும் கேமராவாக இருந்தால், ஜைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருளிலும் பின்னர் திருத்தலாம்.

மறுமொழி: சந்தூர்_தோப்பு

அப்படியானால் கிம்பல் தேவையே இல்லையா? நேராகக் கீழே இறக்கும்போது மட்டும் படம் குலுங்குவதையும் கவனித்தேன்.

மறுமொழி: ஓசூர்_கடைசல்

கிம்பல், ட்ரோனின் சாய்வு, திரும்பல் போன்ற மெதுவான அசைவுகளைத் திருத்தும். 100, 200 ஹெர்ட்ஸ் அதிர்வைத் துரத்திப் பிடிக்க அதன் மோட்டாரால் முடியாது. அதனால்தான் நல்ல கிம்பல்களே ரப்பர் உருண்டைகளில் தொங்குகின்றன. கேமரா நேர் கீழ்நோக்கியே இருந்தால் போதும், மெதுவாகத்தான் பறக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஆடி மாதக் காற்றிலும் பறக்க வேண்டிய வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இறங்கும்போது குலுங்குவது வேறு காரணத்தால். தானே கீழே தள்ளிய கலங்கிய காற்றுக்குள் ட்ரோன் இறங்குகிறது. நேராக இறக்காமல், முன்னோக்கி நகர்ந்தபடியே சாய்வாக, மெதுவாக இறக்குங்கள். உங்கள் பக்கத்துப் பாறைக் குன்றுகள் வெயிலில் காய்ந்த பிறகு அவற்றின் மேலிருந்து வெப்பக்காற்று கிளம்பும், காற்று மறைவான பக்கத்தில் சுழலும் இருக்கும். ஆகவே பூவைப் படமெடுக்க, வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே போய்விடுங்கள். தட்டைச் செய்து மாட்டியதும் பழைய இடத்தில், பழைய உயரத்தில், ஷட்டர் 1/1000 வைத்து அதே மின்கம்பத்தைப் படமெடுத்து இங்கே பகிருங்கள். அலை இன்னும் மிச்சமிருந்தால் எண்ணிச் சொல்கிறோம்.